பவர்டாய்ஸின் ஹோஸ்ட்ஸ் எடிட்டர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

விண்டோஸ் கணினியில், இணையப் பெயர்களுக்குரிய முகவரிகளைக் குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகளாக நான் செய்துவந்த சடங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடி, வலப்பக்கம் சொடுக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கச் சொல்லி, திரை இருண்டு எழும் அனுமதிக் கேள்விக்கு ஆம் என்று அழுத்தி, பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று படிப்படியாக இறங்கினால், அந்தக் கோப்புறை காலியாகக் கிடக்கும். ஹோஸ்ட்ஸ் என்ற கோப்புக்குப் பின்னொட்டு எதுவும் இல்லை, நோட்பேடோ டி.எக்ஸ்.டி. என்று முடியும் கோப்புகளை மட்டுமே காட்டும் பழக்கம் உடையது. கீழே உள்ள தேர்வை ‘எல்லாக் கோப்புகளும்’ என மாற்றிய பிறகே அது தலைகாட்டும். அனுமதி பெறாமல் திறந்திருந்தால், எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்துச் சேமிக்கப் போகும்போதுதான் மறுப்பு வரும். அந்த எரிச்சலில் டெஸ்க்டாப்பில் சேமித்து உள்ளே நகர்த்தினால், பெயரோடு டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொண்டு, விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்காத கோப்பு ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் பவர்டாய்ஸ் தொகுப்பில் 2022ஆம் ஆண்டின் இறுதியில், 0.64 பதிப்போடு சேர்ந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டர் இந்தச் சடங்கை ஒழித்துவிட்டது. ஓராண்டாக நாள்தோறும் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வரி சேர்ப்பது எளிதானது என்பதை நான் பெரிய பெருமையாகக் கருதவில்லை. சேர்த்த வரி கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதுதான் இதன் உண்மையான பயன். அந்தப் பயனையும் இது பாதி வழி வரைதான் கொண்டு செல்கிறது என்பதே என் மதிப்பீடு.

இந்தக் கோப்பு என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். உலாவியில் ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அதற்குரிய ஐ.பி. முகவரியை (அந்தத் தளம் இருக்கும் கணினியின் எண்ணை), பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்பதற்கு முன்பு கணினி தன் வீட்டுக்குள்ளேயே இந்தக் கோப்பைப் பார்க்கும். அங்கே அந்தப் பெயர் இருந்தால் வெளியே கேள்வி போகாது. கோப்பில் உள்ள முகவரியே இறுதித் தீர்ப்பு. உலகம் முழுவதும் ஒரு பெயருக்கு ஒரு முகவரியைச் சொல்லும்போது, நம் கணினி மட்டும் வேறொரு முகவரியை நம்பும்படி செய்யலாம். இந்த ஏற்பாடு டி.என்.எஸ்.ஸை விட வயதில் மூத்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் அடங்கிய ஒரே பட்டியலைக் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபீன்லர் தலைமையிலான தகவல் மையம் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டார்கள். வலைப்பின்னல் பெருக, ஒரே பட்டியலைக் கட்டிக் காப்பது இயலாத காரியமாயிற்று. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். பட்டியல் ஓய்வு பெற்ற பிறகும் அதன் பிரதி வைக்கும் இடம் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது. விண்டோஸ் 11 கணினியில் இன்றும் அந்தக் கோப்பைத் திறந்தால், 1993 முதல் 2009 வரை என்ற பதிப்புரிமைக் குறிப்பும், காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு மாதிரி சர்வரும் வரவேற்கும். யூனிக்ஸின் ஈடிசி கோப்புறை விண்டோஸின் வயிற்றுக்குள் எப்படி வந்தது என்று வியந்தவர்களுக்கு இந்தப் பரம்பரையே விடை.

நிறுவுவதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ கிட்ஹப்பிலிருந்தோ பவர்டாய்ஸ் முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டும்; இந்த எடிட்டரை மட்டும் தனியே எடுக்க வழியில்லை என்பது ஒரு குறை. நிறம் எடுக்கும் கருவி, சாளரங்களை அடுக்கும் கருவி என்று இருபதுக்கும் மேற்பட்ட துணைக் கருவிகள் கூடவே வரும், வேண்டாதவற்றை அணைத்துவிடலாம். எடிட்டரைத் திறந்தவுடன், இந்தக் கணினி டொமைன் பெயர்களை அறியும் விதத்தையே நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை எழுகிறது. அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை; அதற்கான காரணம் கீழே வரும்.

எச்சரிக்கையைத் தாண்டினால் எளிமையான ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் முகவரி, பெயர்கள், குறிப்பு, வலது ஓரத்தில் ஒரு சுவிட்ச். புதிய வரி சேர்க்கும் சிறு சாளரத்தில் முகவரிக்கு ஒரு பெட்டி, பெயர்களுக்கு ஒரு பெட்டி, குறிப்புக்கு ஒரு பெட்டி. முகவரியைத் தவறாக அடித்தால் சேர்க்கும் பொத்தான் உயிர்பெறாது, நோட்பேடில் 203.0.113.25 என்பதற்குப் பதிலாக ஒரு புள்ளியை விட்டுவிட்டு அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இந்த ஒன்றே போதும். சுவிட்சை அணைத்தால் அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி விழுந்து, வரி அழியாமல் உறங்கிவிடும். ஒரே பெயர் இரண்டு வரிகளில் இருந்தால் எச்சரிக்கைச் சின்னம் தோன்றும். விண்டோஸ் ஒரு வரியில் ஒன்பது பெயர்களுக்கு மேல் கணக்கில் கொள்ளாது என்பது பலருக்குத் தெரியாத விதி. அதற்கு மேல் இருந்தால் எடிட்டரே பிரித்துத் தருகிறது. திருத்தத் தொடங்குமுன் நாளும் நேரமும் பெயரில் பதிந்த காப்புப் பிரதி ஒன்றையும் அதே கோப்புறையில் போட்டு வைக்கிறது.

குறிப்புப் பெட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எனக்கு நேர்ந்த ஒரு சங்கடம் இதனோடு நேரடியாகத் தொடர்புடையது. சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவதும், பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றித் தருவதும் என் தொழில். ஒரு வாடிக்கையாளரின் தளத்தை முதலில் ஒரு சோதனை சர்வரில் கட்டினேன். உண்மையான டொமைன் பெயரிலேயே சோதித்துப் பார்த்தால்தான் இணைப்புகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று தெரியும் என்பதால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, என் கணினிக்கு மட்டும் அந்தப் பெயர் சோதனை சர்வரைக் காட்டும்படி செய்தேன். வேலை முடிந்தது, தளம் உண்மையான சர்வருக்குப் போனது, வரியை நீக்க மறந்துவிட்டேன். இது நோட்பேட் காலத்துக் கதை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா அழைத்தார். கடையின் தொலைபேசி எண் மாறிவிட்டது, தளத்தில் மாற்ற வேண்டும் என்றார். நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து மாற்றினேன். முகப்பைத் திறந்து பார்த்தேன். புதிய எண் இருந்தது. முடிந்தது என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையில், “தம்பி, இன்னும் பழைய நம்பர்தான் வருது” என்றார். உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்களை, அதாவது கேஷை அழியுங்கள் அம்மா என்றேன். அழித்தார். மகளுடைய கைப்பேசியில் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரின் கணினியிலும் பார்த்தார். எல்லாவற்றிலும் பழைய எண். எனக்கு மட்டும் புதிய எண். என்ன நடந்திருக்கிறது என்பது இதைப் படிப்பவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. சோதனை சர்வரிலும் உண்மையான சர்வரிலும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல். நான் உள்ளே நுழைந்ததும் மாற்றியதும் பார்த்து மகிழ்ந்ததும் எவரும் பார்க்காத ஒரு நகலில்.

அதைவிடக் கசப்பான பகுதி ஒன்று உண்டு. பெயர் எந்த முகவரிக்குப் போகிறது என்று சந்தேகம் வந்து என்எஸ்லுக்கப் கட்டளையை இயக்கினேன். உண்மையான சர்வரின் முகவரியைத் தெளிவாகக் காட்டியது. அதனால் சந்தேகத்தைக் கைவிட்டு, வேறு இடங்களில் ஒரு மணி நேரம் தேடினேன். என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்கும். லினக்ஸில் டிக் கட்டளையும் அப்படித்தான். கணினி உண்மையில் எதை நம்புகிறது என்று அறிய வேண்டுமானால் பிங் செய்து, அதாவது அந்தப் பெயருக்குரிய இயந்திரம் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், அல்லது விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இவை கோப்பையும் கணக்கில் கொள்ளும். கடைசியில் எதேச்சையாகப் பிங் செய்தபோது வேறொரு முகவரி வந்து நின்றது. அந்த அம்மாவிடம் கேஷை அழிக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பவர்டாய்ஸ் எடிட்டரை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். திறக்கும்போதெல்லாம் விழித்திருக்கும் வரிகளும் உறங்கும் வரிகளும் சுவிட்சுகளின் நிறத்திலேயே பிரிந்து தெரிகின்றன. ஒவ்வொரு வரிக்கும் குறிப்புப் பெட்டியில் மூன்று செய்திகளை எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: எந்த வேலைக்காகச் சேர்த்தது, எந்தத் தேதியில் சேர்த்தது, எது நடந்தால் நீக்க வேண்டும். நோட்பேடிலும் ஹேஷ் குறி போட்டு இதையே எழுதியிருக்கலாம் என்று வாதிடலாம், எழுதியதில்லை. கேட்கும் பெட்டி ஒன்று கண் முன் இருக்கும்போதுதான் கை எழுதுகிறது. எச்சரிக்கைச் சாளரத்தை நிறுத்தாமல் வைத்திருப்பதும் அதனால்தான்.

பாதி வழி என்று சொன்னேன் அல்லவா, மறுபாதி இது. எடிட்டரைத் திறந்தால்தான் இந்தத் தெளிவெல்லாம். மூடிய பிறகு, கணினியில் ஒரு பெயர் திசைதிருப்பப்பட்டிருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு சிறு சின்னம், ‘இரண்டு வரிகள் இயக்கத்தில் உள்ளன’ என்று சொன்னால் என் சங்கடம் நேர்ந்தே இருக்காது. ஒரு வரிக்குக் காலக்கெடு குறித்து, ஏழு நாளில் தானாக அணையும்படி செய்யும் வசதியும் இல்லை. மறதியே இந்தக் கோப்பின் முதல் ஆபத்து என்னும்போது, அதற்கு நேரடி மருந்து ஏதும் தரப்படவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எடிட்டரில் பிங் செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. வரியைத் தேர்ந்தெடுத்து இயக்கினால், அந்த முகவரியில் இயந்திரம் பதில் சொல்கிறதா என்று காட்டும். இது சோதிப்பது வரியில் எழுதியுள்ள முகவரியைத்தான். அந்தப் பெயரைக் கேட்டால் கணினி அதே முகவரிக்குப் போகிறதா என்பதை அல்ல. பிங்குக்குப் பதில் தராதபடி பூட்டி வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம் என்பதால், தளம் நன்றாக இயங்கும்போதும் தோல்விச் சின்னம் வரும். புதிதாக வருபவர்களைக் குழப்புவதற்கே இது உதவும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறை, கையால் கோப்பை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தவர்களைக் கோபப்படுத்தும். நான் வாடிக்கையாளர் வாரியாகத் தலைப்புக் குறிப்புகள் எழுதி, அவற்றுக்குக் கீழே வரிகளை அடுக்கி வைத்திருந்தேன். முகவரியும் பெயருமாக இல்லாத எல்லா வரிகளையும் இந்த எடிட்டர் ‘கூடுதல் வரிகள்’ என்று கருதி, மொத்தமாகத் திரட்டி, கோப்பின் தலையிலோ காலிலோ சேர்த்துவிடுகிறது; எங்கே என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். முதல் முறை சேமித்தபோதே என் தலைப்புகள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து, கீழே எந்த வரி யாருக்கு உரியது என்பது தெரியாமல் போயிற்று. காப்புப் பிரதி இருந்ததால் பிழைத்தேன். குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை ஒரே சொடுக்கில் எழுப்பவும் உறங்கவைக்கவும் விரும்புபவர்களுக்கு ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ் என்ற இலவசத் திறமூலச் செயலி பொருத்தமானது. மேக்கிலும் லினக்ஸிலும் அது ஓடும், பவர்டாய்ஸோ விண்டோஸில் மட்டுமே.

எடிட்டரின் குறையல்லாமல், கோப்பின் இயல்பாலேயே வரும் எல்லைகளையும் இதை வாங்கப் போகிறவர்கள் (விலையில்லை என்றாலும் பழகும் நேரமும் ஒரு விலைதானே) அறிந்திருப்பது நல்லது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் * போன்ற பொதுக்குறிகள் செல்லாது. ஒரு டொமைனின் கீழ் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் திருப்ப முடியாது. மூன்று டபிள்யூ சேர்ந்த பெயரும் சேராத பெயரும் தனித்தனிப் பெயர்கள், இரண்டையும் எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான துணைப்பெயர்களோடு வேலை செய்பவர்கள், சொந்தக் கணினியிலேயே இயங்கும் சிறு டி.என்.எஸ். சர்வர்களை, விண்டோஸில் அக்ரிலிக் டி.என்.எஸ். ப்ராக்ஸியையோ, லினக்ஸிலும் மேக்கிலும் டிஎன்எஸ்மாஸ்க்கையோ நாடுவதே முறை. சர்வரின் எந்த வாசல் என்று குறிக்கும் போர்ட் எண்ணையும் எழுத முடியாது; பெயருக்கு முகவரி, அவ்வளவுதான்.

தமிழில் டொமைன் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே உச்சநிலை டொமைன்கள் உள்ளன. அப்படிப்பட்ட பெயரை உலாவியில் தமிழில் தட்டினாலும், தேடுவதற்கு முன் உலாவி அதை எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறு கோடுகளோடு நீளும் புனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத வேண்டியதும் அந்த வடிவத்தைத்தான். ‘இந்தியா’ என்ற நான்கெழுத்து அங்கே பதினேழு எழுத்துகளாக நீள்வதைப் பார்க்கும்போது, குறிப்புப் பெட்டியில் தமிழ்ப் பெயரை எழுதி வைப்பதன் அருமை விளங்கும்.

சர்வர் மாற்றுபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம், தளம் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று உலாவிக்கு நிரூபிக்கும் எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ். பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டோம் என்பதால் உலாவி ஏமாந்துவிடாது. அந்தப் பெயருக்குரிய சான்றிதழைப் புதிய சர்வர் காட்ட வேண்டும், இல்லையேல் சிவப்பு எச்சரிக்கைதான். அந்தத் தளம், பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்னும் எச்.எஸ்.டி.எஸ். விதியை முன்பே அறிவித்திருந்தால், எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் வழியையும் உலாவி அடைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை முன்கூட்டியே வாங்கலாம் என்றால், தளத்தின் ஒரு கோப்பைப் படித்துச் சரிபார்க்கும் அதன் வழக்கமான முறை பொது டி.என்.எஸ்.ஸைக் கேட்டே வரும், நம் ஹோஸ்ட்ஸ் கோப்பு அதற்குத் தெரியாது. ஆகவே அது பழைய சர்வரின் கதவையே தட்டும். பழைய சர்வரின் சான்றிதழையும் அதன் தனிச்சாவியையும் புதியதற்கு நகலெடுப்பது, அல்லது டி.என்.எஸ். பதிவு மூலம் சரிபார்க்கும் முறையைப் பயன்படுத்துவது என இரண்டு வழிகள் உண்டு. நான் இரண்டாவதைச் செய்கிறேன். வங்கித் தளத்தின் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் திருப்பி ஏமாற்றும் பழைய கள்ளத்தனத்துக்கு இன்று இந்தச் சான்றிதழே பெரிய தடை என்பதால், இந்தச் சிரமத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கள்ளத்தனம் என்றவுடன் விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் நினைவுக்கு வருகிறது. 2004இல் பரவிய மைடூம் புழுவின் இரண்டாம் வகை, வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களைத் திறக்க முடியாதபடி இந்தக் கோப்பில்தான் வரிகளைச் செருகியது. அத்தகைய அனுபவங்களால் பாதுகாப்பு மென்பொருள்கள் இக்கோப்பின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, மைக்ரோசாஃப்டின் தகவல் திரட்டும் சர்வர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பு மூலம் தடுத்தால், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதைக் கோப்புக் கடத்தல் என்று பெயரிட்டுக் கடுமையான அச்சுறுத்தலாகக் காட்டுகிறது. சரிசெய்யும்படி அனுமதித்தால் கோப்பு ஆதி நிலைக்குத் திரும்பி, மற்ற வேலைகளுக்காக நாம் எழுதிய வரிகளும் சேர்ந்து போய்விடும். ஒரே நிறுவனம் ஒரு கையால் எடிட்டரைத் தந்து, மறு கையால் அதில் எழுதியதைத் துடைப்பது வேடிக்கைதான்.

விளம்பரத் தடுப்புக்காக இந்த எடிட்டரை நிறுவ நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, வேண்டாம் என்பதே. ஸ்டீவன் பிளாக் கிட்ஹப்பில் தொகுத்து வழங்கும் பட்டியல் போன்றவற்றில் பல்லாயிரக்கணக்கான பெயர்கள் 0.0.0.0 என்ற முகவரிக்குத் திருப்பப்பட்டிருக்கும். பட்டியலின் தரத்தில் குறையில்லை. ஆனால் அதைக் கோப்பில் கொட்டிவிட்டால், நாம் கையால் எழுதிய ஐந்து வரிகள் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். வடிகட்டும் வசதி இருந்தாலும், பார்த்தவுடன் தெரியும் என்ற இந்த எடிட்டரின் ஒரே பெரும்பலன் அங்கே செத்துவிடுகிறது. வீடு முழுவதற்கும், கைப்பேசிக்கும் சேர்த்துத் தடுக்க வேண்டுமென்றால் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியில், விளம்பரப் பெயர்களை வடிகட்டும் பை-ஹோல் மென்பொருளை நிறுவுவதே ஏற்றது.

சேமித்த மாற்றம் சில வேளைகளில் உடனே பலிக்காதது போலத் தோன்றும். விண்டோஸ் இக்கோப்பின் மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. சிக்கல் பெரும்பாலும் உலாவியில் இருக்கும். பழைய முகவரியோடு ஏற்படுத்திய இணைப்பை அது திறந்தபடி வைத்திருக்கும் என்பதால், தாவலை மூடுவது போதாது, உலாவி முழுவதையும் மூடித் திறக்க வேண்டும். அலுவலகத்தில் ப்ராக்ஸி என்னும் இடைத்தரகு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகிறவர்களுக்குப் பெயரைத் தேடுவதே ப்ராக்ஸி சர்வர்தான் என்பதால், இங்கே என்ன எழுதினாலும் அது செல்லாக் காசு. ஃபயர்ஃபாக்ஸ் தன் டி.என்.எஸ். கேள்விகளை எச்.டி.டி.பி.எஸ். வழியாக மறைத்து அனுப்பும்போதும், ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ள பெயர்களை இயல்பு அமைப்பிலேயே மதிக்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுபவர்கள், அதனுள் இருக்கும் ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பு விண்டோஸின் கோப்பைப் பார்த்தே தானாக எழுதப்படுகிறது என்பதையும், லினக்ஸை நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதே புதிய வரிகள் அங்கே வரும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சொந்தக் கணினியில் கட்டும் தளங்களுக்குக் கற்பனைப் பெயர் வைப்பவர்கள் டெஸ்ட் என்று முடியும் பெயரையே வைக்கட்டும். 1999இலேயே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட முடிவு அது, எவருக்கும் விற்கப்பட மாட்டாது. டெவ் என்று முடித்துக்கொண்டிருந்த பலரும், கூகுளுக்குச் சொந்தமான அந்த முடிவு முழுவதையும் எச்.டி.டி.பி.எஸ்.ஸில் மட்டுமே திறப்பேன் என்று 2017இன் இறுதியில் குரோம் பிடிவாதம் பிடித்த நாளில், ஒரே இரவில் எல்லாவற்றையும் பெயர் மாற்ற நேர்ந்தது. நானும் அவர்களில் ஒருவன்.

ஒருமுறை மட்டும் சோதிக்க வேண்டிய வேலைகளுக்கு இப்போதெல்லாம் இந்த எடிட்டரைக்கூடத் திறப்பதில்லை. கட்டளைச் சாளரத்திலிருந்தே தளத்தைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளையில் ரிசால்வ் என்ற விருப்பத்தோடு பெயரையும் போர்ட்டையும் முகவரியையும் கொடுத்தால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பெயர் திரும்பும். குரோமையும் ஹோஸ்ட்-ரிசால்வர்-ரூல்ஸ் என்ற விருப்பத்தோடு தனியே தொடங்கினால், அந்தச் சாளரம் மூடியவுடன் திருப்பமும் மறைந்துவிடும். மறப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. நாட்கணக்கில் நீளும் சர்வர் மாற்றங்களுக்கும், அன்றாடம் இயங்க வேண்டிய சோதனைப் பெயர்களுக்கும் மட்டுமே எடிட்டரைப் பயன்படுத்துகிறேன்.

இதை எழுதும்போது என் பட்டியலில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. இரண்டு மட்டும் விழித்திருக்கின்றன. ஒன்று என் சொந்தச் சோதனைத் தளம். மற்றொன்றின் குறிப்புப் பெட்டியில், டி.என்.எஸ். மாறியதும் அணைக்கவும் என்று எழுதியிருக்கிறது. டி.என்.எஸ். நேற்று மாலையே மாறிவிட்டது. இந்தப் பத்தியை எழுதுவதற்காகப் பட்டியலைத் திறந்தபோதுதான் அதைக் கவனித்து அணைத்தேன்.